எலக்ட்ரான் என்னும் சொல்: பிசினிலிருந்து துகள் வரை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட அச்சு வடிவம்)

எலக்ட்ரான் என்பது பண்டைக் கிரேக்கத்தில் ஆம்பருக்குப் பெயர். ஊசியிலை மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகியதே ஆம்பர். பால்டிக் கடற்கரையில் அலைகள் ஒதுக்கும் ஆம்பர்க் கட்டிகளுக்கு வயது ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள். இன்று அதே சொல் 1.602 × 10⁻¹⁹ கூலும் எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன் அணுவின் நிறையில் ஏறத்தாழ 1,837-இல் ஒரு பங்கும் உடைய துகளைக் குறிக்கிறது. பெண்கள் கழுத்தில் அணிந்த மணியின் பெயர் அணுவுக்குள் புகுந்த வழியைப் படிப்படியாகக் காட்டுவது இச்சொற்பொழிவின் பொருள்.

அவையோர் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றே. கலைச்சொல்லின் வேர் அது பிறந்த இடத்தைக் காட்டும். அதன் பொருளை நிலைநிறுத்துவது சோதனை. எலக்ட்ரானின் பொருள் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய கருவியோ புதிய கணக்கோ முன்னால் நின்றிருக்கிறது. கீழ்வரும் ஒன்பது கூறுகளும் இக்கருத்தைக் கால வரிசையில் விளக்குவன.

1. ஒரு சொல், இரு பொருள்

ஹோமரின் ஒடிசி 15-ஆம் காண்டத்தில் பினீசிய வணிகன் ஒருவன் அரண்மனைக்குப் பொன்மாலை ஒன்றைக் கொண்டுவருகிறான். பொன்னுக்கு இடையிடையே எலக்ட்ரான் மணிகள் கோக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுப் பெண்கள் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து விலை பேசும் நேரத்தில் செவிலி குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்விடுகிறாள். இங்கே எலக்ட்ரான் ஆம்பர் என்பதே உரைகாரர் பெரும்பாலோர் கொள்ளும் பொருள்.

அதே சொல் பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தையும் குறித்தது. சார்டிசின் எலக்ட்ரானை சோபோக்ளிசின் அன்டிகோனி நாடகத்தில் மன்னன் கிரியோன் குறிப்பிடுகிறான். அது இந்த உலோகமே. சார்டிசைத் தலைநகராகக் கொண்ட லிடியாவில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அடிக்கப்பட்ட நாணயங்கள் இக்கலப்பில் ஆனவை.

பிசினுக்கும் உலோகத்துக்கும் பொதுவானது வெளிர்மஞ்சள் மினுமினுப்பு மட்டுமே. இலியட்டில் ஒளிரும் கதிரவனுக்கு அடைமொழியாக வரும் எலெக்டோர் என்ற சொல்லோடு எலக்ட்ரானை மொழியறிஞர் இணைத்துக் காட்டுவர். ஆக, இச்சொல்லுக்கு முதலில் இருந்த ஒரே சோதனை கண். ஒளிர்வது எதுவோ அது எலக்ட்ரான்.

2. பறிக்கும் பிசின்

தேய்த்த ஆம்பர் துரும்பை இழுக்கும் என்பது மிலீட்டஸ் நகரத்துத் தேல்சுக்குத் தெரிந்திருந்தது என்பர். இச்செய்தியைத் தருபவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவரான டையோஜெனிஸ் லயர்டியஸ். அரிஸ்டாட்டிலின் உயிரைப் பற்றிய நூல் தேல்சைக் குறிப்பிடும் இடத்தில் காந்தக்கல் மட்டுமே வருகிறது. பிளேட்டோவின் டிமேயஸ் ஆம்பரையும் காந்தக்கல்லையும் சேர்த்தே பேசுகிறது.

இழுக்கும் பண்பு நூல்களுக்கு வெளியே, வேலை செய்யும் கைகளுக்கு நன்கு பழகியிருந்தது. சிரியாவில் பெண்கள் நூல் நூற்கும் தக்கிளியின் வட்டை ஆம்பரால் செய்துகொண்டனர் என்று ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 37-ஆம் நூலில் எழுதுகிறார். சுழலும் வட்டு ஆடையில் உரச உரச, இலைத்துணுக்கையும் பதரையும் துணியின் ஓர இழைகளையும் அது இழுத்துக்கொண்டது. அதனால் அவர்கள் அதற்கு ஹார்பாக்ஸ், அதாவது பறிப்பது, என்று பெயரிட்டனர். பாரசீகத்தில் ஆம்பரின் பெயர் காஹ்ருபா. வைக்கோலைக் கவர்வது என்று பொருள்.

கிரேக்கப் பெயர் கண்ணால் கண்டதைச் சொன்னது. சிரியப் பெண்களின் பெயரும் பாரசீகப் பெயரும் பொருள் செய்யும் செயலைச் சொன்னவை. அறிவியல் பின்னர் எடுத்துக்கொண்ட பண்பு பின்னவற்றிலேயே வெளிப்படையாக இருந்தது. ஆனால் ஐரோப்பிய அறிவியல் கிரேக்க, இலத்தீன் நூல்களின் வழி வளர்ந்தமையால் எலக்ட்ரானே நிலைத்தது.

3. கில்பர்ட்டின் ஊசி

கால்செஸ்டர் ஊரினரான வில்லியம் கில்பர்ட் லண்டனில் மருத்துவர். காந்தம் பற்றி இலத்தீனில் அவர் எழுதிய பெருநூல் 1600-இல் வெளிவந்தது. காந்த இழுப்பும் ஆம்பர் இழுப்பும் வேறு என்று காட்டுவதற்காக அதில் ஒரு முழு அதிகாரத்தை அவர் ஒதுக்கினார்.

அதற்கு அவர் கண்ட கருவி மிக எளியது. மூன்று அல்லது நான்கு விரற்கடை நீளமுள்ள உலோக ஊசியை, திசைகாட்டி முள்ளைப் போலக் கூர்முனை மீது சமனாக நிறுத்தினார். ஊசிக்குக் காந்தம் ஏற்றப்படவில்லை. தேய்த்த பொருளை அருகில் கொண்டுவந்தால், இழுப்பு இருப்பின் ஊசி திரும்பும். துரும்பைத் தூக்கும் அளவு வலிமை இல்லாத இழுப்பையும் இக்கருவி காட்டிக்கொடுத்தது.

ஊசி திரும்பத் திரும்ப பட்டியல் நீண்டது. வைரம், நீலக்கல், செவ்வந்திக்கல், பளிங்கு, கண்ணாடி, கந்தகம், முத்திரை அரக்கு ஆகிய அனைத்தும் ஆம்பரைப் போல நடந்துகொண்டன. மரகதம், முத்து, உலோகங்கள் ஆகியவற்றுக்கு ஊசி அசையவில்லை. ஈரக்காற்று இழுப்பைக் கெடுக்கும் என்பதையும் அவர் கண்டார். ஆம்பர் போல்வன என்ற பொருளில் இவற்றுக்கு எலெக்ட்ரிகா என்று அவர் பெயரிட்டார். ஒரு பொருளின் பெயர் இவ்வாறு ஒரு வகுப்பின் பெயராயிற்று. அவ்வகுப்பில் எது சேரும், எது சேராது என்பதை ஊசி முடிவு செய்தது.

ஆங்கிலத்தில் எலெக்ட்ரிசிட்டி என்ற பெயர்ச்சொல்லை தாமஸ் பிரவுன் 1646-இல் வெளியிட்ட நூலில் காணலாம். அங்கும் அது ஆம்பர்த்தன்மை என்ற பண்பையே குறித்தது. பொருளில் ஓடும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் அதற்கு இன்னும் வரவில்லை.

4. ஓடும் பொருள், இரு வகை

அந்த எண்ணத்தைத் தந்தவர் ஸ்டீபன் கிரே. 1729-இல் கென்ட் மாவட்டத்தில் நண்பர் ஒருவர் வீட்டு நீள்கூடத்தில் அவர் சணல் கயிறு ஒன்றைக் கிடையாக ஓட்டினார். அதன் ஒரு முனையில் தேய்த்த கண்ணாடிக்குழாய். மறுமுனையில் தந்தப் பந்து. பந்தின் கீழே பித்தளைத் தகட்டுத் துணுக்குகள். குழாயைத் தேய்த்ததும் தொலைவில் இருந்த பந்து துணுக்குகளை இழுத்தது. கயிற்றைத் தாங்கப் பட்டிழைகள் கட்டப்பட்டிருந்தன. இழை மெல்லியது, ஆகவே அதன் வழி அதிகம் கசியாது என்பது அவர்களின் கணிப்பு. பாரம் தாங்காமல் பட்டிழை அறுந்தபோது, மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். இழுப்பு நின்றுபோயிற்று. மென்மை காரணமன்று, பட்டு என்ற பொருளே காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று. கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்ற பிரிவு அந்த அறுந்த இழையிலிருந்து வந்தது.

கில்பர்ட் தம் பட்டியலிலிருந்து விலக்கிய உலோகங்களே மின்சாரத்தை நன்கு எடுத்துச்செல்வன என்றாயிற்று. எலெக்ட்ரிசிட்டி என்ற சொல் இப்போது பண்பிலிருந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் ஒன்றுக்கு மாறிவிட்டது.

1733-இல் பிரான்சின் டு ஃபே இது இருவகைப்படும் என்று காட்டினார். தேய்த்த கண்ணாடியில் தோன்றுவது ஒன்று. ஆம்பர், அரக்கு முதலிய பிசின்களில் தோன்றுவது மற்றொன்று. ஒத்தவை ஒன்றையொன்று தள்ளும், வேறுபட்டவை இழுக்கும். 1747-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டையும் ஒரே பாய்மத்தின் மிகையும் குறையுமாக விளக்கினார். கண்ணாடியில் மிகை என்றும் பிசினில் குறை என்றும் அவர் வைத்துக்கொண்டது ஓர் ஊகம். அந்த ஊகத்தாலேயே ஆம்பரின் மின்னூட்டத்துக்கு எதிர்க்குறி வாய்த்தது.

5. செல்வது: ஃபாரடேயும் ஹியூவெல்லும்

1833-34 ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடே கரைசல்களில் மின்னோட்டம் செலுத்தி ஆராய்ந்தார். மின்முனைகளுக்கு அன்று வழங்கிய துருவம் என்ற பெயர் அவருக்கு ஒத்துவரவில்லை. துருவம் என்றால் இழுக்கும் இடம் என்ற கொள்கை அதற்குள் ஒளிந்திருந்தது; அவருடைய சோதனைகள் அக்கொள்கையை ஏற்கவில்லை. கொள்கை கலவாத பெயர்களை நாடி, 1834 ஏப்ரல், மே மாதங்களில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வில்லியம் ஹியூவெல்லுடன் அவர் கடிதப் போக்குவரத்து நடத்தினார். கிரேக்கம் நன்கறிந்த ஹியூவெல் ஆனோடு, கேத்தோடு, அயான் ஆகிய பெயர்களை முன்மொழிந்தார்.

ஆனோடு மேலேறும் வழி. கேத்தோடு கீழிறங்கும் வழி. கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் மின்னோட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு, கதிரவன் எழும் பக்கமும் விழும் பக்கமும் என்று ஃபாரடே அவற்றை விளக்கினார். மின்னோட்டத்தின் இயல்பு பற்றிய கருத்து நாளை மாறினாலும் இப்பெயர்கள் பிழைபடா என்பது அவர் நோக்கம்.

கரைசலில் மின்முனையை நோக்கி நகர்வது அயான். செல் என்னும் கிரேக்க வினையின் அஃறிணை ஒருமை எச்ச வடிவம் அது. செல்வது என்று தமிழில் கூறலாம். இதன் இறுதியில் உள்ள ஈறு வெறும் இலக்கண உருபு. அவ்வுருபுக்குப் பின்னாளில் தனிப்பொருள் கிடைத்த கதையை எட்டாம் கூறு சொல்லும்.

6. ஸ்டோனியின் அலகு

ஃபாரடேயின் விதிப்படி, ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு தனிமங்களை அவற்றின் இணைமாற்று நிறைகளுக்கேற்ப வெளிப்படுத்தும். அயர்லாந்தின் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். பொருள் அணுக்களால் ஆனது எனில், ஒவ்வொரு வேதிப்பிணைப்புக்கும் மாறாத ஓர் அளவு மின்சாரம் இருந்தாக வேண்டும். 1874-இல் பெல்ஃபாஸ்டில் கூடிய பிரிட்டிஷ் கழகத்தில் இதனை இயற்கை அலகுகளுள் ஒன்றாக அவர் முன்வைத்தார். அக்கட்டுரை 1881-இல் அச்சேறியது. அன்று கிடைத்த மூலக்கூறு எண்ணிக்கையை வைத்து அவர் கணித்த மதிப்பு இன்றைய அலகுகளில் ஏறத்தாழ 10⁻²⁰ கூலும். இன்றைய மதிப்பில் அது 16-இல் ஒரு பங்கு. அதே 1881-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் லண்டனில் ஆற்றிய ஃபாரடே சொற்பொழிவில் மின்சாரத்தின் அணுக்கள் என்ற எண்ணத்தை வலியுறுத்தினார்.

இவ்வலகுக்கு எலக்ட்ரான் என்ற பெயரை ஸ்டோனி 1891-இல் டப்ளினில் வெளியான கட்டுரையில் வழங்கினார். எலெக்ட்ரிக் என்பதன் பகுதியும் அயானின் ஈறும் சேர்ந்து அமைந்ததாக அகராதிகள் இதனை விளக்குகின்றன. சேர்ந்து வந்த வடிவம் கிரேக்கரின் ஆம்பர்ப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. அப்போது எலக்ட்ரான் ஒரு துகள் அன்று. நீளத்துக்கு மீட்டர் போல மின்னூட்டத்துக்கு ஓர் அலகு. அதற்கு நேர்க்குறியும் இருக்கலாம், எதிர்க்குறியும் இருக்கலாம்.

7. தாம்சனின் குழாய், மில்லிகனின் துளி

காற்று நீக்கிய கண்ணாடிக்குழாயில் கேத்தோடிலிருந்து கிளம்பும் கதிர்கள் அலையா, துகளா என்பது 19-ஆம் நூற்றாண்டு இறுதியின் பெருவிவாதம். ஹெர்ட்ஸ் 1883-இல் மின்புலத்தால் அவற்றை வளைக்க முயன்றபோது அவை வளையவில்லை. குழாயில் எஞ்சியிருந்த வாயுவே தடை. மேலும் நன்றாகக் காற்றை நீக்கிய ஜே. ஜே. தாம்சன் 1897-இல் வளைத்துக் காட்டினார். மின்முனையின் உலோகத்தையும் குழாயின் வாயுவையும் மாற்றிப் பார்த்தபோதும் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. எல்லாப் பொருள்களிலும் ஒரே துகள் உண்டு என்பது இதன் பொருள்.

தாம்சன் தம் துகளுக்கு வைத்த பெயர் எலக்ட்ரான் அன்று. கார்ப்பஸ்கிள், சிறுதுகள் என்னும் இலத்தீன் வழிச் சொல். 1906-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலும் அவர் அதையே ஆண்டார். ஜோசப் லார்மர் 1894 முதல் தம் கொள்கையில் எலக்ட்ரான் என்று எழுதிவந்தார். தாம்சனின் துகள்கள் கட்டற்ற எலக்ட்ரான்களாக இருக்கலாம் என்று 1897 மே மாதத்திலேயே ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதினார். நெதர்லாந்தின் லோரன்ஸ், சீமன் கண்ட நிறமாலைக் கோட்டுப் பிளவிலிருந்து இதே விகிதத்தைப் பெற்றிருந்தார். 1899 முதல் அவரும் எலக்ட்ரான் என்றே எழுதினார். குழாயிலும் நிறமாலையிலும் ஒரே எண் கிடைத்ததால் இரண்டிலும் இருப்பது ஒன்றே என்றாயிற்று, ஸ்டோனியின் பெயர் தாம்சனின் துகளுக்குச் சென்றது. கண்டுபிடித்தவர் இட்ட பெயர் வழக்கொழிந்தது.

பொருள் முழுதும் நிலைபெற மேலும் சில காலம் சென்றது. சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு, அவற்றின் மின்னூட்டம் எப்போதும் ஒரு சிற்றளவின் முழு எண் மடங்கே என்று 1909 முதல் 1913 வரை நடந்த ஆய்வுகளில் காட்டினார். 1917-இல் எலக்ட்ரான் என்றே பெயரிட்டு அவர் எழுதிய நூலில், இச்சொல் ஸ்டோனியின் பொருளில் இருகுறி மின்னூட்ட அலகுக்கும் வழங்க வேண்டும் என்று வாதிட்டார். வழக்கு அவர் பக்கம் நிற்கவில்லை. 1932-இல் கார்ல் ஆண்டர்சன் நேர்க்குறியுடைய அதே நிறைத் துகளைக் கண்டு பாசிட்ரான் என்று பெயரிட்டபோது, பழைய துகளை நெகட்ரான் என்று மாற்றும் யோசனையும் உடன் வந்தது. அதுவும் எடுபடவில்லை.

இதில் ஒரு தற்செயல் ஒற்றுமை உண்டு. ஆம்பரைக் கம்பளியால் தேய்க்கும்போது கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள் ஆம்பரில் வந்து சேர்கின்றன. சிரியப் பெண்களின் தக்கிளி வட்டில் குவிந்தவை எலக்ட்ரான்களே. பெயரிட்டவர் யாரும் இதை எண்ணிப் பெயரிடவில்லை.

8. ஈறு பெற்ற பொருள்

எலக்ட்ரானின் கடைசி அசை துகளுக்கு அடையாளமாக மாறிற்று. ரூதர்ஃபோர்டு 1920-இல் ஹைட்ரஜன் அணுக்கருவுக்கு, முதல் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து, புரோட்டான் என்று பெயரிட்டார். சாட்விக் 1932-இல் கண்டது நியூட்ரான். அதன் பகுதி இலத்தீன், ஈறு கிரேக்கம். ஒளித்துகளுக்கு வழங்கும் ஃபோட்டான் என்ற சொல்லைப் பரப்பியது கில்பர்ட் லூயிஸ் 1926-இல் எழுதிய கடிதம். சத்யேந்திரநாத் போஸின் பெயரோடு இதே ஈற்றைச் சேர்த்து போசான் என்று ஆக்கியவர் டிராக்.

ஈற்றைத் தவறாக வெட்டியதும் உண்டு. எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுடைய துகளை ஆண்டர்சனும் நெடர்மையரும் 1938-இல் மெசோட்டான் என்று அழைக்க விரும்பினர். எலக்ட்ரான், நியூட்ரான் போல ரகரம் வேண்டும் என்று மில்லிகன் சொல்ல, அது மெசோட்ரான் ஆயிற்று. அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா 1939-இல் நேச்சர் இதழில் இதைத் திருத்தினார். எலக்ட்ரானிலும் நியூட்ரானிலும் உள்ள டகர ரகரங்கள் அவ்வச்சொல்லின் பகுதிக்கு உரியவை. இடை என்று பொருள்படும் மெசோவில் அவை இல்லை. எனவே மெசான் போதும் என்பது அவர் வாதம். துகளின் பெயராக மெசானே நிலைத்தது.

அதே தவறான வெட்டு கருவிகளுக்குப் பயன்பட்டது. மேக்னட்ரான், சைக்ளோட்ரான் முதலியவற்றில் ட்ரான் என்பது கருவியைக் குறிக்கிறது. உழும் கருவியாகிய கலப்பைக்குக் கிரேக்கர் அரோட்ரான் என்றனர். அங்கே ட்ரான் உண்மையிலேயே கருவி ஈறு. எலக்ட்ரானில் அது இல்லை. உயிரியலில் கோடான், இன்ட்ரான் எனப் புகுந்த ஈறு துகளையும் விட்டுவிட்டு, அலகு என்ற பொதுப்பொருளில் நிற்கிறது.

9. பிற மொழிகளும் தமிழும்

அரபு மொழியில் மின்சாரம் கஹ்ரபா. பாரசீகரின் வைக்கோல் கவரும் ஆம்பரே அது. பாரசீகத்திலோ மின்சாரத்துக்கு அரபியிலிருந்து வந்த பர்க், அதாவது மின்னல், என்ற சொல் வழங்குகிறது. இரு மொழிகளும் ஒன்றின் சொல்லை மற்றொன்று எடுத்துக்கொண்டன. எபிரேயத்தில் எசேக்கியேல் ஆகமத்தின் ஹஷ்மல் மின்சாரமாயிற்று. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் எலக்ட்ரான் என்று எழுதியிருந்தது.

சீனமும் தமிழும் மின்னலிலிருந்து பெயர் எடுத்தவை. மின்னலும் தேய்த்த கண்ணாடியின் பொறியும் ஒன்றே என்று 1752-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் மெய்ப்பித்த பிறகே இப்பெயர் அறிவியலுக்குப் பொருந்துவதாயிற்று. மின்சாரம் என்ற தமிழ்ச்சொல்லின் பின்னால் ஆம்பர் இல்லை. பிராங்க்ளினின் காற்றாடி இருக்கிறது.

துகளின் பெயரில் தமிழ் இருவழி சென்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் இலத்திரன், புரோத்தன், நியூத்திரன் என்கின்றன. டகர மெய்யை அடுத்து ரகரம் வருவது தமிழ் மெய்ம்மயக்கத்தில் இல்லை என்பதால் இலங்கை வடிவம் தமிழ் ஒலிமரபுக்கு நெருக்கமானது. துறையின் பெயரோ தமிழ்நாட்டில் மின்னணுவியல், இலங்கையில் இலத்திரனியல். மின்னணு என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸ் பேசிய மின்சார அணு என்ற எண்ணத்தை அப்படியே தருகிறது. ஆனால் அணுவுக்கு உள்ளிருக்கும் துகளையும் அணு என்றே சொல்லிவிடுகிறது. எதிர்மின்னி என்ற ஆக்கம் இகர ஈற்றைத் துகள் ஈறாக்கி, நேர்மின்னி, நொதுமி என்று இனம் சேர்க்கிறது. மின்னஞ்சல், மின்னூல் முதலியவற்றில் எலக்ட்ரானிக் என்பதன் முதலெழுத்துக்கு மின் என்பதே ஈடாக நிற்கிறது.

கொள்கை கலந்த பெயரால் வரும் இடரும் தமிழில் உண்டு. ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் வழங்குகிறோம். மின்னாற்பகுப்பில் இது சரி. மின்னோட்டத்தைத் தரும் டேனியல் மின்கலத்தில் ஆனோடாகிய துத்தநாகம் எதிர்க்குறி உடையது. அங்கே நேர்மின்வாய்க்கு எதிர்க்குறி என்று எழுத நேர்கிறது, மாணவர் குழம்புகின்றனர். ஃபாரடே விலக்க நினைத்த இடர் இதுவே.

கலைச்சொல்லாக்கத்துக்கு இவ்வரலாறு தரும் வழிகாட்டல் தெளிவானது. கிரேக்க வேரைத் தமிழில் பெயர்ப்பது கட்டாயம் அன்று. எலக்ட்ரானை ஆம்பர் என்று பெயர்த்தால் எதுவும் விளங்காது. அப்பொருளை இன்று எந்தச் சோதனை அடையாளம் காட்டுகிறது என்று பார்த்து, அதற்கு முரணாகாத பெயரை இடுவதும், அதே இனத்துப் பிற பெயர்களுக்கு இடம்தரும் ஈற்றைத் தேர்வதும் போதுமானவை. ஒலிபெயர்ப்பாயினும் தமிழாக்கமாயினும் இவ்விரண்டையும் நிறைவு செய்யும் சொல் நிலைக்கும்.